கோர்வைத் தறியின் வலப்பக்கம்

என் வீட்டுக்காரருக்கு,

முசரவாக்கத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். எழுத முடிகிறது, வலது கையை மேலே தூக்கத்தான் முடியவில்லை.

பொங்கலின்போது நாம் பார்த்த அதே எலும்பு டாக்டரிடம் நேற்று அக்கா என்னைக் கூட்டிப்போனாள். என் தோளைத் தொட்டுப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தசைநார் பாதி கிழிஞ்சிருக்குது, தறியில உக்காந்து நாடா எறியவே கூடாதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேனேம்மா. இப்ப முழுசா அறுந்துபோச்சு."

அன்றைக்கு ஸ்கேன் அறை வாசலில் நீங்கள் என்னிடம் சொன்னது வேறு. "வெறும் சதைப்பிடிப்புதாம்மா. தைலம் தேச்சா போயிடும்."

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலையில், கரை நூல் சுற்றிய நாடாவை எறிய தறியின் வலப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும். அப்போது தறியில் இருந்த முகூர்த்தச் சேலை முடியும்வரை உங்களுக்கு நான் வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் நானே உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்கவில்லை.

வலியைக்கூட விட்டுவிடலாம். கை தூக்க முடியாத எனக்குத் தினமும் காலையில் நீங்கள்தான் தலை சீவிப் பின்னிவிட்டீர்கள். இப்படி ஒருத்தர் யாருக்குக் கிடைப்பார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்துதான் பின்னியிருக்கிறீர்கள். பின்னி முடித்த கையோடு என்னைத் தறியில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இன்று காலை அக்கா சீப்போடு வந்தாள். கத்தரிக்கோலை எடுத்து வரச் சொன்னேன். இனி என் தலையை இடது கையாலேயே சீவிக்கொள்வேன்.

வலப்பக்கத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அங்கே உட்கார்ந்திருந்தவள்