இரண்டு பேருக்குப் போட்ட விலை

அக்கா,

இன்று நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குச் சாமான் வாங்க நின்றேன். கடைக்காரர் ஒரு பிடி கோரைக்கிழங்கை அள்ளித் தராசில் போட்டார். பக்கத்தில் நின்ற பெண் நல்ல வாசனை என்றாள். எனக்கு அது உன் கை வாசனை. பொட்டலத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அப்போது நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதலியார்பேட்டையிலிருந்து விடியலில் நடந்து, மேஸ்திரி காட்டும் வளாகத்தில் களை பிடுங்கிப் புல் அறுப்போம். ஆண்களுக்கு ஒரு கூலி, நமக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். கடற்கரைப் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனி தன் கிடங்கு வளாகத்தைப் பராமரிக்க விலை கேட்டிருக்கிறது என்று தெரிந்ததும் நீ என் தோளை இடித்தாய். "நாமளே போடுவோம்டி. மூணாங் கிளாஸ் படிச்சது எதுக்கு? நீ எழுது, நான் சொல்றேன்."

உனக்குத் துணிச்சல் அதிகம். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது. மேஸ்திரி காதுக்குப் போனால் இருக்கிற கூலியும் போய்விடும் என்றேன். நீ கேட்கவில்லை.

வளாகத்தை நாம் அளக்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கினாய். கிழங்கோடு வந்தால் ஒரு தடவை களை எடுத்தால் போதும். அறுந்து வந்தால் கிழங்கு மறுபடி முளைக்கும், அந்த இடத்துக்கு மூன்று தடவை. "புடுங்கிப் பாக்காம வெல சொல்லக் கூடாது" என்று பெரிய துரை மாதிரி சொல்லிக்கொண்டு நடந்தாய். புல், குரோட்டன்ஸ் வேலி, செடிக்குத் தண்ணீர், சருகு பெருக்குவது எல்லாவற்றையும் இத்தனை ஆள், இத்தனை நாள் என்று கணக்காக்கி, கூலியால் பெருக்கி எழுதினேன். சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

குமாஸ்தா தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இந்த வெலைக்கு யாராலம்மா செய்ய முடியும்? ஒரு மாசம் செஞ்சிட்டு ஓடிடுவீங்க. மேஸ்திரி தலைக்கு எவ்ளோ போட்டிருக்காரு தெரியுமா?" தொகையைச் சொன்னார். அது ஆண் கூலி. நம் தலைக்கும் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். நாமோ நமக்கு நாமே விலை போடும்போதுகூடப் பெண் கூலியைத்தான் போட்டிருந்தோம். நமக்குத் தெரிந்த விலை அதுதானே.

உன் முகம் சிவந்தது. "கோரைக்கு ஆம்பள கை, பொம்பள கைன்னு தெரியுமாங்கய்யா? இங்கயே மாத்தி எழுதித் தரோம்" என்றாய். நான் தாளைத் திரும்ப வாங்கினேன். எழுதினேன். மேஸ்திரி ஆறு ஆள் போட்ட இடத்தில் நாம் இரண்டே ஆள். வேலை நமக்கு வந்தது.

அன்று சாயங்காலமே மேஸ்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். இந்த ஊரில் இனி எந்தக் கம்பெனிக் கதவும் எனக்குத் திறக்காது என்றார். நான் பயந்து போனேன். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் மனசு கேட்காமல் வந்து எட்டிப் பார்த்தேன். வளாகத்தின் ஒரு பாதி தரை தெரியச் சுத்தமாக இருந்தது. சரியாக நடுவில் கோடு கிழித்த மாதிரி நின்று, மறு பாதியில் கோரை கணுக்கால் உயரத்துக்கு அப்படியே இருந்தது. நீ வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாய். மறுநாளுக்குள் முடியாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் குமாஸ்தா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வேற யாரையாவது கூட்டியிருக்கலாமேக்கா" என்றேன்.

"வெல ரெண்டு பேருக்குப் போட்டது. ஒம் பாதி அங்கதான் இருக்கு, போய்ப் பாரு."

திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன், கண்ணீரில் எது கோரை எது புல் என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் நீயும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "அறுந்து வருது பாரு, அடியில புடி" என்றாய். மறுநாள் மத்தியானம் முடித்துவிட்டோம்.

நாலு வருஷம் அந்த வளாகம் நம்முடையது. பிறகு காமாலை உன்னைக் கொண்டு போயிற்று. அடுத்த வருஷத்துக்கு விலை எழுதும்போது குமாஸ்தா, "இனி நீங்க மட்டும்தானேம்மா?" என்று கேட்டார். உன் இடத்துக்கு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டேன். நல்ல பெண், கை சுறுசுறுப்பு. ஆனாலும் வேப்பமரத்துப் பக்கம் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் தேடினேன், அக்கா. இப்போதும் தேடுகிறேன்.

எனக்கு இடுப்பு போய், வேலையை விட்டு வெகு காலம் ஆயிற்று. பழக்கம் மட்டும் விடவில்லை. புல் மண்டிய ஒரு மனையைத் தாண்டிப் போனாலும் மனசு தானாகக் கணக்குப் போடுகிறது, நமக்கு இது எத்தனை நாள் வேலை என்று. நான் ஒருத்தியாகச் செய்தால் எத்தனை நாள் என்று மட்டும் இன்னமும் போட வரவில்லை.