நியர் மிஸ்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் செல்போனில் அந்தச் செய்தி வந்தது. விண்ணிலிருந்து ஒரு பாறை, நம் பஸ் அளவு இருக்குமாம், நிலாவைவிடக் கிட்டத்தில் பூமியைக் கடந்து போயிருக்கிறது. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தாண்டிப் போன பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ ஏறும் மாதனூர் ஸ்டாப் வந்தபோதும் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சேஃப்டி வகுப்பு ஞாபகமிருக்கிறதா? "நியர் மிஸ் இருந்தா நோட்ல எழுதணும்" என்று ஆபீசர் சொன்னதும், "யாருடி அந்த நியர் மிஸ்? புதுசா வர்ற மேடமா?" என்று என் காதில் கேட்டாய். அடிபடாமல் தப்பிப்பதற்குத்தான் அந்தப் பெயர் என்று தெரிந்த பிறகும் நமக்கு அவள் மேடம்தான். தையல் ஊசி விரலை உரசிப் போனால், "மிஸ் வந்துட்டுப் போனாங்க" என்பாய். நோட்டு சூப்பர்வைசரான என்னிடம்தான் இருந்தது. எழுதினால் லைனை நிறுத்திக் கூட்டம் போடணும், டார்கெட் போய்விடும். அதனால் நான் எழுதுவதே இல்லை.

ஒருநாள் காலையில் கிழிந்த டிபன் பையோடு வந்தாய்.

"கம்பெனி கேட்டாண்ட லாரி உரசிட்டுப் போச்சுடி. சூரியனுக்கு நேரா வந்துச்சு, கண்ணே தெரியல."

"படலல்ல? அப்புறம் இன்னா, போய் மிஷின்ல உக்காரு" என்றேன்.

மூன்றாவது வாரம் அதே கேட், அதே வெயில், இன்னொரு லாரி. நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் எழுதியிருந்தால் கேட்டில் ஓர் ஆளை நிறுத்தியிருப்பார்கள். நீ போன மறுநாள் நிறுத்தினார்கள். இதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்தப் பாறை யாரையும் தொடவில்லை. ஆனாலும் அது எந்த வழியாக வந்தது, மறுபடி எப்போது வரும் என்று கணக்குப் போட்டு எழுதி வைக்கிறார்கள். படாத கல்லுக்கு இவ்வளவு பேர். உனக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

இப்போது ஊசி உடைந்தால்கூட எழுதுகிறேன். லைன் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'நியர் மிஸ்' என்கிறார்கள். நீ கேட்ட மேடம் நான்தான் போலிருக்கிறது.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நோட்டைத் திறந்து, கிழிந்த டிபன் பையோடு நீ வந்த அந்தக் காலையை எழுதினேன். இடம், கேட். காரணம், கண்ணில் வெயில். கடைசிக் கட்டத்தில் 'காயம்' என்று இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினேன். அன்றைக்கு உனக்கு ஒன்றும் ஆகவில்லையே.