யாருடைய ஆதரவில்?

டாக்குரியா,
கல்கத்தா-31
14-10-2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

தமயந்தி நமஸ்காரத்துடன் எழுதுவது. லதா மன்னிக்கு என் நமஸ்காரம், கவிதாவுக்கு ஆசிகள். உன் கடிதம் வந்து நாலு மாசம் ஆகிறது. கம்பெனியில் ஆடிட் நேரமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே அடுத்த வாரம் பூஜை. சந்து முனையில் பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள். என் கட்டையை ஊன்றிக்கொண்டு மூங்கில்களுக்கு நடுவே போவதற்குள் பாதி உயிர் போகிறது. கரியாஹாட்டில் இரண்டு புடவைக் கடைகள் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கின்றன. ஒரு நாளைக்கு நாலு புடவை முடிக்கிறேன். கழுத்துதான் பிடித்துக்கொள்கிறது. பூஜை முடிந்தால் கல்யாண மாசம் வரைக்கும் ஒரு புடவையும் வராது. அம்மா இருந்தவரை அது அவ்வளவாகத் தெரியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஊனமுற்றவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று நரேன்-தா சொன்னார். நரேன்-தா யார் என்று கேட்பாய். நம் தெருக்கோடியில் இருக்கிறார், தெருவுக்கே அண்ணா மாதிரி. கண் தெரியாது. லோக்கல் ரயிலில் ஊதுபத்தி விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை க்ளப்பில் பையன்கள் கேரம் ஆடி முடித்த பிறகு, அந்த அறையில் எங்களைப் போல இருபது பேர் கூடுகிறோம். அவர்தான் கூட்டிச் சேர்த்தவர்.

விண்ணப்பம் வாங்க அவரும் நானும் போனோம். ஆபீஸ் இரண்டாவது மாடியில். முப்பத்தாறு படி. காலில் மாட்டின இரும்புக் காலிப்பரோடு என்னால் ஏற முடியாது என்பது உனக்குத் தெரியும். உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினேன். மேலே போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். புடவை அழுக்காகிவிட்டது. குமாஸ்தா, "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். நரேன்-தா, "நான் வந்திருக்கேனே, தெரியலையா?" என்றார். அந்த மனுஷருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

உடனே பதில் போடு.

உன் தங்கை,
தமயந்தி


அம்பத்தூர்,
சென்னை-53
2-11-2001

சிரஞ்சீவி தமயந்திக்கு,

அண்ணாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். லதாவுக்கு மட்டும் இடுப்பு வலி. மாடி வீடு, ஏறி இறங்க முடியவில்லை என்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாய் என்றால், அங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அப்பா அந்த ஊரில் முப்பது வருஷம் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போன மனுஷர். லேக் பக்கம் நம் ஜனங்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒருவர் கண்ணில் பட்டால் போதும், சென்னைக்குச் செய்தி வந்துவிடும். கவிதாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

ரயிலில் ஊதுபத்தி விற்கிறவரோடு ஆபீஸ் ஆபீஸாக அலைவது உனக்குத் தேவைதானா? உன்னை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் பார்க்கிறேன். வீடு மாறட்டும், யோசிப்போம். தீபாவளிக்குப் புடவை வாங்கிக்கொள்ள ஐநூறு அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பட்டாபி


டாக்குரியா
16-1-2002

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். பணம் கிடைத்தது. புடவை வாங்கவில்லை, காலிப்பருக்குத் தோல்வார் மாற்றினேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்திருக்கிறேன். போன புதன்கிழமை நாங்கள் பதினாலு பேர் அந்த ஆபீஸின் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டோம். கோஷம் ஒன்றும் போடவில்லை. கீழ்ப்படியில் நான், எனக்கு மேலே மது. அவளுக்குக் காது கேட்காது, ஆனால் யார் முறைத்தாலும் பதிலுக்கு முறைப்பாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். மேலே போகிறவர்கள் போக முடியவில்லை, கீழே வருகிறவர்கள் வர முடியவில்லை. ஒரு பியூன் மட்டும் ரகசியமாக எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று மணிக்கு அதிகாரியே இறங்கி வந்தார்; அவருக்கு மட்டும் வழிவிட்டோம்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

நரேன்-தா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நீங்க இப்ப நிக்கிற இடம்தான் சார் வேணும். உங்க மேஜை இங்க வரணும்" என்றார்.

அந்த மனுஷர் சைக்கிள்கள் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு வாரம் ஒரு நாள், புதன்கிழமை, கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மேஜை போடுவதாக ஒப்புக்கொண்டார். மேஜை வரும் என்று நேற்றுவரை யாரும் நம்பவில்லை. இன்றைக்கு வந்தது! நான் முதல் ஆளாகப் போய் விண்ணப்பத்தை நீட்டினேன்.

அங்கேதான் சிக்கல். 'யாருடைய ஆதரவில் இருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. 'யாரும் இல்லை, கைத்தையல்' என்று எழுதியிருந்தேன். "கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?" என்று குமாஸ்தா கேட்டார். சென்னையில் ஒரு அண்ணா என்றேன். அப்படியானால் அந்த அண்ணா என்னை ஆதரிக்கவில்லை என்று முத்திரைத்தாளில் நோட்டரி முன்னால் எழுதித் தரவேண்டுமாம். வாசகத்தை டைப் அடித்தே கொடுத்துவிட்டார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதில் உன்னைக் குறை சொல்வது ஒன்றும் இல்லை, அண்ணா. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

உன்,
தமயந்தி


அம்பத்தூர்
18-2-2002

தமயந்திக்கு,

நீ அனுப்பிய காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

என் தங்கையை நான் காப்பாற்றவில்லை என்று நோட்டரி முன்னால் போய் நின்று நானே சொல்ல வேண்டுமா? இங்கே நோட்டரி யார் தெரியுமா? எங்கள் தெருவில் நாலாவது வீடு. தினம் காலையில் என்னோடு நடக்க வருகிறவர். உனக்கு இப்படி ஒரு காகிதத்தை அண்ணாவுக்கு அனுப்பலாம் என்று எப்படித் தோன்றியது? அம்மா இருந்தால் அனுப்பியிருப்பாயா?

மாசம் முன்னூறு ரூபாய் நான் அனுப்புகிறேன். சர்க்கார் தருவதும் ஏறக்குறைய அதுதான். அந்தக் கூட்டத்தை விட்டுவிடு. மாடிப்படியில் உட்காருவது, மறிப்பது இதெல்லாம் நமக்கு வேண்டாம்.

பட்டாபி


டாக்குரியா
10-3-2002

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். உன் கோபம் கடிதம் முழுக்கத் தெரிந்தது. மன்னியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

முன்னூறு ரூபாய் பற்றி: அண்ணாவாக அனுப்பினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். கூட்டத்தை விடுவதற்குக் கூலியாக என்றால் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில்தான் என்னை யாரும் "ஐயோ பாவம்" என்று பார்ப்பதில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று எல்லோருடைய மனுவையும் என்னிடம்தான் தருகிறார்கள். கால் போன ஏழு வயசிலிருந்து தெருவே எனக்காக ஏதாவது செய்துகொண்டிருந்தது. இப்போதுதான் நான் ஒருவருக்காக ஏதோ செய்கிறேன்.

உன் கடிதத்தில் இருந்ததை அந்த அறையில் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். எல்லோர் வீட்டிலும் இதே கதைதான், அண்ணா. நரேன்-தாவும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தம்பி ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. ஆனால் கையெழுத்துப் போடமாட்டானாம், வெளியே தெரிந்தால் அசிங்கமாம். மதுவின் அப்பா, கையெழுத்துப் போட்டால் பெண்ணைக் கைவிட்ட மாதிரி ஆகும் என்று அழுதாராம். அவர் நிஜமாகவே காப்பாற்றுகிறவர். ரிக்‌ஷா இழுக்கிறார்.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தோம். அந்தக் காகிதத்தை இனி யாரும் கொடுப்பதில்லை. அண்ணன் இருப்பது ஒரு வருமானமா? எங்கள் கையில் என்ன வருகிறது என்று கேளுங்கள், பதில் சொல்கிறோம் என்று மனு எழுதியிருக்கிறோம். அதனால் நீ கையெழுத்துப் போடாததே நல்லதாகப் போயிற்று. நிம்மதியாக இரு.

தமயந்தி


டாக்குரியா
27-8-2002

அன்புள்ள அண்ணா,

மார்ச்சிலிருந்து மூன்று கடிதம் எழுதிவிட்டேன், இது நாலாவது. விலாசம் மாறவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கடிதமும் திரும்பி வரவில்லை.

மழை விட்டபாடில்லை. சந்தில் முழங்கால் தண்ணீர். புடவைகளை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, நான் கட்டிலிலேயே இரண்டு நாள் இருந்தேன். மது தண்ணீரில் நடந்து வந்து கிச்சடி கொடுத்துவிட்டுப் போனாள்.

காகிதம் இல்லை என்று ஆறு மாசமாக எங்கள் விண்ணப்பங்களை எடுக்கவில்லை. சாந்த்ராகாச்சியிலிருந்து வருகிற ஏழுமலை என்று நம் தமிழர் ஒருவர், ரயில்வே யார்டில் மூட்டை இறக்கும்போது காலை இழந்தவர், பெண்ணின் பள்ளிக்கூடச் செலவுக்கு வேறு வழியில்லாமல் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு வாசலிலேயே நின்றார். நரேன்-தா கட்டைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, "ஏழுமலை, டீ ஆறுது, உள்ள வா" என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 25 புதன்கிழமை மேலதிகாரி ஒருவர் வந்து எங்களை நேரில் கேட்கிறார். ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தமயந்தி


அம்பத்தூர்
11-9-2002

அன்புள்ள தமயந்தி,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தில் பொய் இருந்திருந்தால் நான் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். அதில் இருந்தது நிஜம். அதுதான் என்னைக் குத்தியது. லதாவிடம்கூட இதை நான் சொல்லவில்லை.

பதினெட்டு வருஷம் அம்மா பெயருக்கு மாசாமாசம் மணியார்டர் அனுப்பினேன். அம்மா போன மறுமாசமும் தபாலாபீஸ் போனேன். மணியார்டர் பாரத்தை வாங்கினேன். பெயர் எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. அம்மா இல்லையே என்று பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் பெயரை எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நீயும் அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பிறகு உறைத்தது. ஆனால் அதற்குள் சில மாசம் ஆகிவிட்டது, ஆரம்பிக்க வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்து ஹௌராவில் நான் ரயில் ஏறிய அன்று, நீ வீட்டு வாசல் வரை வந்து நின்றாய். நானும் வரட்டுமா என்று கேட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டே டாக்ஸியில் பெட்டியை வைத்தேன். நீ கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர்கள் டைப் அடித்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. நீங்கள் செய்த முடிவே சரி. ஆனால் 25-ந் தேதி என்னைப் பற்றி என்ன சொல்வது என்று நீ யோசிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படி. என் பெயர், விலாசம், கம்பெனி பெயர் எல்லாம் சொல்லு. அண்ணன் இருக்கிறான் என்பதால் ஒருத்தி சாப்பிட்டுவிட்டாள் என்று ஆகாது. அதற்கு நானே சாட்சி.

பட்டாபி


டாக்குரியா
29-9-2002

அன்புள்ள அண்ணா,

நமஸ்காரம். மன்னிக்கும் கவிதாவுக்கும் என் அன்பு.

புதன்கிழமை நல்ல வெயில். சைக்கிள்களையெல்லாம் நகர்த்தி பெஞ்சு போட்டிருந்தார்கள். வந்த மேலதிகாரி ஒரு பெண்மணி. நரேன்-தா பேசினார், மதுவின் அப்பா பேசினார். என் முறை வந்ததும் உன் கடிதத்தை எடுத்தேன். ஒரு வரி தமிழில் படித்துவிட்டு, அதையே பெங்காலியில் சொன்னேன். மணியார்டர் பாரம் வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக் காகிதத்தை மடித்துவிட்டேன். நரேன்-தா மெதுவாக, "படிங்க தீதி, அவர் எழுதிட்டார் இல்லையா, நீங்க படிக்கத்தானே வேணும்" என்றார். படித்து முடித்தேன். அங்கே இருந்த குமாஸ்தா தன் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எங்காவது ஒரு தங்கை இருக்கலாம்.

அந்த அம்மாள் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, விதியை மாற்றுவது தன் கையில் இல்லை, மேலே எழுதுகிறேன், அதுவரை இந்த ஆபீஸில் அந்தக் காகிதம் இல்லாமலே விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கே பத்தொன்பது பேருடையதை வாங்கிக்கொண்டார்கள். பணம் எப்போது வரும், வருமா என்பது தெரியாது. ரசீது இருக்கிறது. மது அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

உன் பெயரைச் சொன்னேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, அது அவர்களுக்கு எதற்கு? இன்னொன்றையும் நான் படிக்கவில்லை. நீ ரயில் ஏறிய அன்றைய விஷயம். அந்த இடம் வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அது ஆபீஸுக்கு எழுதினது இல்லை, எனக்கு எழுதினது.

அதற்குப் பதில் இது. அன்றைக்கு வாசலில் நான் ஒன்றும் பேசாமல் நின்றது உன் மேல் வருத்தத்தால் இல்லை. வாயேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மறுபேச்சில்லாமல் உன் பின்னால் வந்து, உன் வீட்டு மாடியில் ஒரு மூலையில் காலம் முழுக்க உட்கார்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. டாக்ஸி திரும்பின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் அந்த ஒன்றுக்காக நீ வெட்கப்பட வேண்டாம், அண்ணா.

உன் தங்கை,
தமயந்தி