விதை என்று சொன்னவர்

லாம்ப்சகோஸ்,
திராட்சை பறித்து முடிந்த நான்காம் நாள்

அன்புள்ள தெரோனுக்கு,

நலம். உங்கள் இருமல் குறைந்ததா? மீன் வியாபாரி போர்பாஸ் ஏதென்ஸிலிருந்து திரும்பிவிட்டார். வந்ததும் வராததுமாகச் சந்தையில் நின்று சொல்லியிருக்கிறார்: "தெரோன் பேச்சுக்கு அங்க என்ன கூட்டம்! பாதாள ராசா தூக்கிட்டுப் போன தம் பொண்ணுக்காக பயிர் காக்கிற தெமெத்தர் தாயி அழுதாளே, அந்தப் பொண்ணு பொண்ணே இல்லையாம், வெறும் விதையாம். மண்ணுக்குள்ள போனா முளைக்குமாம். சனம் கைதட்டுது!"

நம் மகள் மெலித்தாவைப் புதைத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வருடத்தில் மூன்று நாள், விதைப்பு விழாவில், தெமெத்தர் கோயிலில் பெண்களோடு பட்டினி கிடந்து அழுவேன். அங்கே மட்டும்தான் யாரும் என்னிடம் "போதும்" என்பதில்லை. இந்த முறை விழாவுக்குப் பெயர் கொடுக்கப் போனபோதே பூசாரியம்மா வாசலில் மறித்துவிட்டாள்: "உம் புருசனுக்கு அது விதைதானேடி, நீ எதுக்கு அழுவணும்?"

"நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

உங்கள் நிகெசோ


ஏதென்ஸ்,
விதைப்புக்கு முன்

என் நிகெசோ,

சொன்னேன். சொல்லவில்லை என்று எப்படி எழுதுவேன்?

நம் பிள்ளையை ஒரு தெய்வம் பறித்தது என்றால் காலையில் எழுந்ததும் அந்தத் தெய்வத்தை வெறுக்க வேண்டியிருக்கிறது. வெறுத்து வெறுத்து அலுத்துவிட்டேன். காய்ச்சல் வெயிலால் வந்தது, விதை மண்ணுக்குப் போனது, யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் தூங்க முடிகிறது. கைதட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பேசிவிட்டு அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

கோயில் போனால் போகட்டும். இங்கே வந்துவிடு.

தெரோன்


லாம்ப்சகோஸ்,
விழா முடிந்த மறுநாள்

தெரோனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் தூங்காமல் இருந்தது எனக்குத் தெரியாது. மெலித்தா பெயரை இந்த வீட்டில் நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையே.

பூசாரியம்மா கடைசியில் ஒரு வழி சொன்னாள்: "அவன் எனக்குப் புருசன் இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு உள்ள வா."

சொல்லிவிட்டேன். உள்ளே போனேன்.

மூன்று நாளும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. தெமெத்தர் தாயின் சிலை முகத்தைப் பார்த்தால் மண்தான் தெரிந்தது. நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

ஆனாலும் சொன்ன சொல்லை இனித் திரும்ப வாங்க முடியாது. என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக அண்ணன் வண்டியோடு வந்திருக்கிறான். வீட்டுச் சாவி போர்பாஸிடம் இருக்கிறது. உங்கள் குளிர்காலப் போர்வையை இந்தக் கடிதம் வரும் கப்பலிலேயே அனுப்பியிருக்கிறேன்.

நிகெசோ