பச்சை பாட்டில்

ஜூன் 27, வியாழன்

காலையிலிருந்து பாட்டில் கழுவும் வேலை. கெஞ்சேகுல் கல்யாண மண்டபத்திலிருந்து இரண்டு மூட்டை காலி குளிர்பான பாட்டில் கொண்டுவந்து இறக்கினாள். என் ஓரகத்திதான். இருபதடி தள்ளி அவள் கூடாரம். நெடுஞ்சாலை ஓரத்தில் எனக்குப் போட்டியாக அவளும் குமிஸ், புளிக்கவைத்த குதிரைப்பால், விற்கிறாள். பாட்டில் மட்டும் இருவருக்கும் பொது. கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் சுருங்கிவிடும். அதனால் வெதுவெதுப்பான நீரும் மணலும் போட்டுக் குலுக்கி, ஓடையோரத் தொட்டியில் அலசி, கடைசியில் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பேன். வாசனை இருந்தால் தூக்கி எறிந்துவிடுவேன். கெஞ்சேகுல் முகர்வதில்லை. அவள் குமிஸில் ஆரஞ்சு மணம் வருகிறதென்று ஒரு லாரிக்காரன் சொல்லிச் சிரித்தான். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.

அதே நாளில் ஆடுகளுக்கு உண்ணி மருந்துக் குளியல் வேறு. என் கணவர் எமில்பெக்கும் கொழுந்தனாரும் நூற்றிருபது ஆடுகளை முக்கி எடுத்தார்கள். மேய்ச்சல் நிலம் முழுக்க மருந்தின் தார் நாற்றம். இந்தப் பக்கம் நான் குமிஸ் கடைகிற தோல்பைக்குப் புகை போட்டேன். கையும் தலைமுடியும் புகை.

"அக்கா, இன்னைக்கு உங்க பக்கத்துல ஓநாய்கூட வராது" என்றாள் கெஞ்சேகுல்.

நாற்பத்திரண்டு பாட்டில் நிரப்பினேன்.

ஜூன் 28, வெள்ளி

நல்ல வியாபாரம். தொக்தோகுல் ஊருக்குப் போகும் ஒரு பெரியவர் வெகு நேரம் நின்றார். வெள்ளை மீசை, கறார் ஆசாமி. மகள் பேகாய்க்கு ஆறு மாதமாம், மசக்கை ஆசை குமிஸ் மேலேயே நிற்கிறதாம். "நல்லாப் புகை மணக்கிறதா வேணும்மா, அவ அதத்தான் கேக்கறா" என்று வரிசையாக மூடியைத் திறந்து முகர்ந்தார். கடைசியில் ஒன்றைக் கையில் எடுத்து, "இதுதான் புகை" என்றார். அப்படிப் பாராட்டிக் கேட்டால் யாருக்குத்தான் மனம் குளிராது? ஒரு கிண்ணம் இலவசமாக ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் இவர் வந்து கேட்டார்: "ஓடைகிட்ட ஒரு பச்சை பாட்டில் போட்டிருந்தேனே, எங்க?"

"எதுக்கு?"

"ரெண்டாவது தரம் ஆட்ட முக்கணும்ல. உண்ணி மருந்து வாங்கியாற அதையே எடுத்துக்கலாம்னு பாத்தேன். போன தடவையும் அதுலதான் வாங்கியாந்தேன்."

தண்ணீர் கலக்காத மருந்து. அது இருந்த பாட்டில். அதை ஓடையருகே, கழுவ வைத்திருந்த பாட்டில்களுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார் இந்த மனுஷர். நானும் எடுத்துக் கழுவி, முகர்ந்து, சரி என்று வைத்திருக்கிறேன். முகர்ந்த மூக்கு எது? காலையிலிருந்து தாரையும் புகையையும் மட்டுமே குடித்துக்கொண்டிருந்த மூக்கு.

பச்சை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. அது எங்கே போனது என்று யோசிக்கவே தேவையில்லை. "இதுதான் புகை" என்று அவர் கையில் எடுத்தது அதைத்தான்.

புகையில்லை ஐயா அது. தெய்வமே, அது புகையில்லை.

அதே நாள், மாலை

அந்தப் பெரியவரின் பெயர்கூடக் கேட்கவில்லை. ஊர் தெரியும், வெள்ளைக் கார் தெரியும், மகள் பேர் பேகாய். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சாலையில் ஓடும் டாக்ஸிக்காரர்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. உலார்பெக் அதில் இருக்கிறான். தினமும் என்னிடம் நின்று குடித்துவிட்டுப் போகிறவன். அவனுக்குக் குரலில் பேசி அனுப்பினால் இரவுக்குள் கணவாயின் இரண்டு பக்கமும் போய்விடும்.

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கழுவிட்டல்ல? மணல் போட்டுக் கழுவினல்ல? அப்புறம் என்ன இருக்கப்போகுது அதுல? வாயத் தொறந்தா இந்த வருஷம் நம்ம கிட்ட ஒருத்தன் நிக்கமாட்டான்."

"ஆறு மாசம் அவளுக்கு."

"அதுக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பயந்துதான் போயிருக்கிறார். மருந்தை அதில் ஊற்றி வாங்கியது அவர் கை அல்லவா.

கெஞ்சேகுல் வேறு யோசனை சொன்னாள். "குமிஸ் புளிச்சுப் போச்சு, கீழ ஊத்திடுங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா. போதும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மலைமேல் ஏறினேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அப்படியே பேசிப் பதிவும் செய்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டேன். புளித்துப் போச்சு என்று சொன்னால் எந்தக் கிர்கிஸ்காரன் குமிஸைக் கீழே ஊற்றுவான்? இன்னும் ஒரு கிண்ணம் கூடவே குடிப்பான். அழித்துவிட்டேன்.

இரண்டாவது தரம் இப்படிப் பேசினேன்: நான் சோனுன், சூசமிர் வளைவில் நீலக் கூடாரம். வெள்ளிக்கிழமை நான் விற்ற பச்சை பாட்டிலில் உண்ணி மருந்து இருந்தது. விஷம். தொக்தோகுல் பேகாயின் அப்பாவிடம் இருக்கிறது. யாரும் குடிக்கக் கூடாது.

அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

விடிந்ததும் மிச்சமிருந்த பாட்டில் எல்லாவற்றையும் திறந்து குழியில் கொட்டினேன். ஒரே தொட்டித் தண்ணீரில்தானே எல்லாவற்றையும் அலசினேன்? இவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துவந்து குழியை மூடினார்.

ஒரு வண்டியும் நிற்கவில்லை. என்னிடம் மட்டுமல்ல, கெஞ்சேகுலிடமும். ஒரு லாரி வேகம் குறைத்தது, அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "ஆட்டுக்கு ஊத்தறதா, ஆளுக்கு ஊத்தறதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவள் என்னிடம் திரும்பி வந்தாள். "சந்தோஷமா அக்கா? உங்க மனசாட்சிக்கு என் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" திட்டட்டும். ஆனால் சாயங்காலம் என் குதிரைகளையும் சேர்த்து அவளே கறந்தாள். நான் மலைமேலேயே கிடந்தேன்.

உலார்பெக் என் எண்ணையும் குழுவில் போட்டிருக்கிறான், பதினேழு அழைப்பு வந்தது. பாதிப் பேர் வசவு. வெள்ளைப் பாட்டில் வாங்கிய ஒரு பெண் அழுதாள், கொட்டிவிடுங்கள் என்றேன். பேகாயைத் தெரியும் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

மூன்று நாளாயிற்று. ஒன்றரை லிட்டர் பாட்டில். குடித்து முடித்திருப்பாளோ?

ஜூலை 2, செவ்வாய்

உலார்பெக் அழைத்தான். "கெடச்சிட்டாங்கக்கா. பெரியவர் பேரு ஜபார். பொண்ணு நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில சேர்ந்திருக்கு."

"புள்ள?"

"தெரியலக்கா. நான் கேக்கல. கேக்கற மாதிரி இல்ல அவரு."

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறான். இவரும் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறார். நான் கூப்பிடவேயில்லை.

ஜூலை 3, புதன்

நேற்று நடந்தது.

ஆஸ்பத்திரி நடையில் ஜபார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. யாரிடமோ கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்ல ஆரம்பித்தார்.

"முத நாள் ஒரு கிண்ணம் குடிச்சா. ராத்திரி வாந்தி. மசக்கைன்னு நெனச்சோம். வாந்திக்குக் குமிஸ் நல்லதுன்னு நான்தான் ரெண்டாவது கிண்ணம் குடுத்தேன். வேண்டாம்ப்பா, நாக்கு எரியுதுன்னா. புளிப்பு அப்படித்தான் இருக்கும், குடிடின்னு நான்தான்…"

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன். அந்த இடத்தில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? இவர்தான் முன்னால் போய், "பாட்டில்ல மருந்து வாங்கினது நான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் இவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. அந்தப் பச்சை பாட்டில் அவள் மேசைமேல் இருந்தது, பாதி காலி. உங்கள் குரல் இன்னொருத்தர் போன் வழியாக வந்ததால்தான் எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று தெரிந்தது என்றாள். நான் மணல் போட்டுக் கழுவினேன் என்றேன், வெட்கமில்லாமல்.

"எத்தன தடவ கழுவினாலும் அவ்வளவுதாம்மா. மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளயே ஊறிப் போயிடும். நீங்க கழுவினது மேல மட்டும்தான். அப்புறம் புளிப்ப ஊத்தி வெயில்ல வெச்சீங்க, ஊறினது கொஞ்சம் கொஞ்சமா திரும்ப எறங்கியிருக்கு."

பதினோரு வருஷமாக முகர்ந்து முகர்ந்து கழுவினேனே, அதெல்லாம் எதற்கு?

குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கிறது. இன்னும் பத்து நாள் பார்க்க வேண்டும் என்றாள். பேகாயைப் பார்க்க விடவில்லை.

ஜூலை 5, வெள்ளி

மிச்சமிருந்த பாட்டிலையெல்லாம் இவர் ஊருக்குக் கொண்டுபோய் மறுசுழற்சிக்குப் போட்டுவிட்டு வந்தார். கெஞ்சேகுல் தடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

யாரும் நிற்கவில்லை. கடைந்ததை நாங்களே குடிக்கிறோம், நாய் குடிக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "அப்படியேதான் இருக்காங்க" என்கிறார்கள். அப்படியே என்றால் எப்படி?

ஜூலை 14, ஞாயிறு

பேகாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். குழந்தை அசைகிறதாம். உலார்பெக் சொன்னான். கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். கெஞ்சேகுல் பார்த்துவிட்டாள். கண்ணைத் துடைக்கத் தன் முக்காட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 21, ஞாயிறு

பதினொரு மணி இருக்கும். வெள்ளைக் கார் ஒன்று நின்றது. ஜபார் இறங்கினார். கையில் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, ஊறுகாய் போடும் ஜாடி, பளபளவென்று துடைத்திருந்தது.

சலாம் சொல்லவில்லை. தோல்பையைக் காட்டினார். ஒரு கிண்ணம் ஊற்றி அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ குடி" என்றார்.

குடித்தேன். கடைசிச் சொட்டுவரை நின்று பார்த்தார். பிறகு அதே கிண்ணத்தை வாங்கி, தனக்கும் ஊற்றச் சொல்லிக் குடித்தார். ஓரக்கல்லில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே நின்றிருந்தேன். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எழுந்து ஜாடியின் மூடியைத் திறந்து என்முன் பிடித்தார்.

"அவதான் கேக்கறா" என்றார்.

ஜாடி நிறையும்வரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக ஊற்றினேன்.