அண்ணனுக்குச் செய்த சீர்

அண்ணா,

இன்றைக்குக் காலையில் ஸ்டேஷனில் உன் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார்கள். சாக்கைப் பிரித்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. துப்பாக்கிக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியும் கேட்காமல், அண்ணி மெஷினுக்கு வைத்திருந்த சீசாவைத்தான் நீ எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாய். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். போலீஸ்காரர் பாவம், எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

எலெக்‌ஷன் முடிந்து எல்லாரும் அவரவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னுடையது மட்டும் அங்கேயே கிடக்கிறது.

அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் வெள்ளாமையை அழித்து உன் கொல்லை நிலத்தை உழுதுபோட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போனதும், நீ நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாய். காப்பியைத் தொடவில்லை. "எல்லாரும் கம்பி இழுத்து கரண்டு வுட்டுர்றாங்க பாப்பா. நானும் வுட்டுடலாம்னு பாக்குறன்" என்றாய். மனுஷன் மிதித்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "நம்ம கொல்லையில எவன் வந்து மிதிக்கப்போறான்?" என்று என் மேலேயே எரிந்து விழுந்தாய். அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. மிதிப்பது நீயாகவே இருந்தால் என்கிற பயம்தான்.

அப்பா இறந்த பிறகு அவருடைய துப்பாக்கி லைசென்ஸை உன் பேருக்கு மாற்றியிருந்தாய். அவருடைய பழைய துப்பாக்கி துருப்பிடித்து வீணாகிப் போனதால் ஒப்படைத்தாயிற்று. புதிது வாங்க அனுமதி வந்தும், அடுத்த வெள்ளாமைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாய். நீ அப்படித்தான். உனக்கென்று ஒரு செருப்பு வாங்கக்கூட அண்ணி சண்டை போட்டாக வேண்டும்.

நான் வேலை பார்க்கிற கம்பெனியில், கரண்டுக் கம்பி கட்டுகிற பீங்கான் கட்டைகளைப் பளபளப்புக்காகக் கிளேஸ் தண்ணீரில் முக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணத்துக்கு, பிள்ளைக்குக் காது குத்தியதற்கு, வருஷா வருஷம் பொங்கலுக்கு என்று நீதானே எனக்குச் சீர் தூக்கிக்கொண்டு வருகிறாய்? ஒரு தடவை நான் செய்தால் என்ன? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். திருச்சிக் கடைக்குப் போன் போட்டால் அந்த மனுஷர் சிரிக்கிறார். "அது சேலை இல்லம்மா, புடிக்கலன்னா மாத்திக்க. லைசென்ஸ் யாரு பேர்ல இருக்குதோ அவரு நேர்ல வரணும்."

அதனால்தான் எனக்குக் கண் மங்குகிறது, திருச்சி ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று பொய் சொன்னேன். வேப்பூரில் பஸ் மாறும்போதே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாய். "விருத்தாசலத்துல இல்லாத கண்ணு டாக்டரா?" அண்ணி தயிர்சாதப் பொட்டலத்துக்கு அடியில் லைசென்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடை வாசலில் நீ பலகையைப் படித்துவிட்டு அப்படியே நின்றாய். "கண்ணு காட்டணும்னு சொன்ன?" என்றாய். "ஆமாம், இதைக் காட்டத்தான்" என்றேன்.

உள்ளே எல்லாம் முறைப்படி நடந்தது. எண்ணைச் சரிபார்த்தார்கள், உன் புத்தகத்தில் பதிந்தார்கள், நீ கையெழுத்துப் போட்டாய். என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டபோது, "நாத்தனா சீருங்க" என்றார் அண்ணி. "சீருக்குத் துப்பாக்கியா?" "எங்கூட்டுப் பொண்ணுங்க அப்படித்தாங்க" என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். வெயிலுக்குத் துடைக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீயாகவே சொன்னாய், "கரண்டுப் பேச்சு இனிமே கெடையாது பாப்பா." சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். ஒரு பன்றியைக்கூட நீ சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் கூட்டம் ஓடிவிடும். ஆயுத பூஜைக்கு மருந்தடிக்கிற மெஷினுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தாய். பிள்ளை இல்லாத வீட்டில் செல்லப் பிள்ளை என்று அண்ணி கேலி செய்வார்.

பிறகு எலெக்‌ஷன் வந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மல்லாட்டை மண்ணுக்குள் காய் முற்றி நிற்கிற நேரம், பன்றிக்கு எலெக்‌ஷன் தெரியுமா, ஸ்டேஷனில் விலக்குக் கேட்டுப் பாரேன் என்று உன்னிடம் கெஞ்சினேன். "குடுக்கச் சொன்னா குடுத்துடணும். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்று சாக்கில் சுற்றி மொபெட்டில் வைத்துக்கொண்டு போனாய். அதன் பிறகு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் காத்தாய்.

அன்றைக்கு விடிந்த பிறகுதான் போனாய், பன்றி எந்தப் பக்கம் நுழைந்தது என்று பார்க்க. குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வரப்பைத் தாண்டி அடுத்த கொல்லைக்காரன் நிலத்தில் கால் வைத்திருக்கிறாய். அவன் திருட்டுத்தனமாகக் கரண்டு விட்டிருந்தான். "விடிஞ்சா கழட்டிடுவன், அன்னிக்கி அசந்துட்டன்" என்று ஊரில் சொன்னானாம். சட்டப்படி வாங்கி, சட்டப்படி ஒப்படைத்தவன் நீ. எந்தச் சட்டத்தையும் மதிக்காதவன் கம்பி மட்டும் அதன் இடத்திலேயே இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

அந்தக் கம்பியைக் குச்சிக்குக் குச்சி வெள்ளைப் பீங்கான் கட்டையில் சுற்றிக் கட்டியிருந்தான். எங்கள் கம்பெனிச் சரக்கா, வேறு கம்பெனியுடையதா என்று தெரியாது. எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்றைக்குக் கட்டையைத் தொடவே கை கூசியது. வேறு பிழைப்பு இல்லாததால் தொட்டேன்.

இன்றைக்கு ஸ்டேஷனில், கடைக்கு விற்றுவிடலாம், இல்லாவிட்டால் வாரிசு மனுப் போடலாம் என்றார்கள். "எம்பேருக்கு மாத்திக் குடுங்க" என்று அண்ணி யோசிக்காமல் சொன்னார். மற்ற உறவுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டுமாம். உனக்கு அண்ணியை விட்டால் நான்தானே. தாளை என் கையில் கொடுத்தார்கள். வீட்டில் போய்ப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "எதுக்கு அண்ணி அது?"

"பன்னிக்கு."

"கொல்லையிலதான் ஒண்ணும் வெதைக்கலியே, அண்ணி."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார். "கம்பி கட்டுனவன் ஜாமீன்ல வந்துட்டான். நேத்து டீக்கடையில உக்காந்து சிரிச்சிப் பேசிக்கிட்டு இருக்கான் பாப்பா. உங்கண்ணன் மண்ணுக்குள்ள இருக்குறாரு."

துப்பாக்கி யாருக்கு என்று புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "கூடப் பொறந்தவதான நீ? உனக்கு வலிக்கலியா?" என்று கேட்டுவிட்டு, எனக்காக நிற்காமல் கிளம்பி நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை.

வலிக்கிறது அண்ணா. அவன் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் யாரும் சாகக் கூடாது என்றுதான் அதை உனக்கு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு என் மனதில் இருந்தது நீ மட்டும்தான். அந்த 'யாரும்' என்பதில் அவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டிவரும் என்று நினைக்கவே இல்லை. சேர்த்துக்கொள்கிறேன். அண்ணி என்னோடு பேசாமலே இருக்கட்டும், ஜெயிலுக்கு வெளியே இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். அவனும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் பாப்பா