ஆண்டவன் பெயரா, உளமாரவா

மே 12

பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன், கை முழுக்கப் பிசின். கட்சியின் ஒன்றியச் செயலாளர் அர்த்தனாரி பைக்கில் வந்தார்.

"அக்கா, அண்ணன் ஜெயிச்சுட்டாருங்க!"

அப்படியா என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். சுளை கொடுத்து அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் வெள்ளையன் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. தேங்காயெண்ணெய் போட்டுக் கை கழுவினேன்.

மே 14

யாருக்கும் பெரும்பான்மை இல்லையாம். பெரிய கட்சிக்கு எங்கள் கட்சியின் ஏழு பேர் வேண்டும். மந்திரிசபையில் பங்கு கேட்பதா, வெளியிலிருந்து ஆதரவு தருவதா என்று பேச்சு நடக்கிறது. வெளியிலிருந்து என்றால் என்ன என்று அர்த்தனாரியைக் கேட்டேன்.

"ஊட்டுக்குக் கூரைய நாம தாங்கிப் புடிச்சுக்குவோம். ஆனா உள்ள போயி உக்கார மாட்டோமுங்க."

அது என் பிழைப்பல்லவா என்று வாய்வரை வந்தது.

இரண்டு வருடமாக என் வீட்டுக்காரர் நாமக்கல்லில்தான். கேட்டால் கட்சி வேலை. கட்சி வேலையின் பெயர் அனுராதா. போன ஆடியில் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், "இனி அவகிட்டப் போகமாட்டேன்னு சூலத்தத் தொட்டுச் சொல்லுங்க" என்றேன். கோயில் வாசல் வரை வந்தார். தலை சுற்றுகிறது என்று திரும்பிவிட்டார். எங்கள் மலையில் மற்ற பொய்யெல்லாம் உண்டு. சாமி பேரில் பொய்ச் சத்தியம் மட்டும் யாரும் செய்வதில்லை.

மே 16

எங்கள் கட்சிக்கு இரண்டு மந்திரி. ஒருவர் இவர்.

எந்த இலாகா என்றுதான் முடிவாகவில்லை. காலையில் வனத்துறை என்றார்கள். மத்தியானம் பழங்குடியினர் நலம். சாயங்காலம் அதையும் வேறு கட்சிக்குக் கொடுத்துவிட்டார்களாம். இலாகா இல்லாத மந்திரி என்றுகூட ஒன்று இருக்கிறதாமே? அர்த்தனாரிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "இலாகா பின்னால வருமுங்க. கார் மொதல்ல வந்துரும்."

மே 18

அவர் மத்தியானம் வந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சோறு தின்றார்.

"மேகலா, அவள உட்டுட்டேன். எல்லாம் முடிஞ்சுது. பதவியேற்புக்கு நீதான் வந்து மொத வரிசைல உக்காரோணும்."

நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாக இருக்குமோ? இருந்தால் என்ன செய்வேன்? எனக்கே தெரியவில்லை.

பிறகு பையிலிருந்து உறுதிமொழித் தாளை எடுத்தார். ஐந்தாவது வரைதான் படித்தவர். 'ஒருதலைச் சார்பு' என்பதை ஏழு தடவையும் 'ஒருதலைச் சாப்பு' என்றார். பள்ளியில் என் இரண்டாவது வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வது போல, கோடு போட்ட நோட்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன். மூச்சு விடவேண்டிய இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் சாய்கோடு. இரகசியக் காப்பு உறுதிமொழிக்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை. அதில் அவர் கெட்டிக்காரர்.

'ஆண்டவன் மீது ஆணையிட்டு' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம். நான் ஆண்டவனைத்தான் எழுதியிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இத அடிச்சுட்டு உளமாரன்னு போட்டுரு கண்ணு."

"ஏனுங்க?"

"கட்சிக் கொள்கை."

அவர் கட்சித் தலைவரே காவடி எடுப்பவர். இவர் நெற்றியில் குங்குமம் ரூபாய்க்காசு அளவுக்கு. பொய் இல்லாத வாய்க்கு ஆண்டவன் பேரைச் சொல்ல என்ன பயம்?

அடித்தேன். உளமார என்று எழுதினேன். என் எழுத்து கோணவில்லை.

மே 20

எங்கள் வாழவந்தி நாட்டு டெலிபோன் பூத்துக்கு அவர் போன் செய்தார். "உள்ள போற பாசு கொறஞ்சு போச்சு மேகலா. கூட்டணின்னா எல்லாத்துக்கும் பங்கு குடுக்கோணுமில்ல? நீ டிவில பாத்துக்க."

சரிங்க என்றேன்.

பட்டுப்புடவையை வெயிலில் போட்டிருந்தேன். மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மே 21

பக்கத்து வீட்டு அத்தாயி அக்கா கையைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்தார். வீடு நிறையக் கூட்டம்.

டிவியில் என் வீட்டுக்காரர் கையில் இருந்தது என் நோட்டுத் தாள். சிவப்புக் கோடு போட்ட இடத்திலெல்லாம் சரியாக மூச்சு விட்டார். 'ஒருதலைச் சார்பு' சரி. 'உளமார' மிகவும் சரி. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

கேமரா முதல் வரிசைக்குத் திரும்பியது. அரக்கு நிறப் புடவையில் அனுராதா, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டென்று டிவி அணைந்தது. "கரண்டு போயிருச்சு சாமி" என்றார் அத்தாயி அக்கா. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மே 22

அழலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. உப்புமா கிண்டினேன்.

ஜூன் 9

பள்ளி விட்டு வந்தால் வாசலில் சிவப்பு விளக்குக் கார். கடைசியில் கதர் இலாகா கிடைத்திருக்கிறது. சட்டசபையில் முதல் பதில் சொல்ல வேண்டுமாம். மூன்று பக்கம்.

"பெரிய எழுத்துல எழுதிக் குடு மேகலா. அந்தப் புள்ள இங்கிலீசு மீடியம், தமிழு கோழிக் கிறுக்கலா இருக்குது."

அனுராதாவைப் பற்றி என்னிடமே சொல்கிறார். கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

தாளை வாங்கிக்கொண்டேன். அவர் செருப்பைக் கழற்றப் போனார்.

"நீங்க அங்கயே நில்லுங்க. இனி வெளிய இருந்துதானுங்க ஆதரவு."

கூட வந்திருந்த அர்த்தனாரி சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். வீட்டுக்காரர் ஒரு கால் செருப்போடு நின்றார்.

உள்ளே உட்கார்ந்து மூன்று பக்கமும் எழுதினேன். பெரிய எழுத்து, பிழை இல்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றே கொடுத்தேன். காரில் ஏறும்போது புரட்டிப் பார்த்தார், எதையோ தேடுகிற மாதிரி.

சிவப்புப் பேனாவை நான் எடுக்கவில்லை.